மூன்று தொடுதல்களின் கணக்கு

கையுந்துபந்து ஆட்டத்தில் ஓர் அணி பந்தை அதிகபட்சம் மூன்று முறை தொட்டு வலைக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும். அந்த மூன்றில் ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை ஆடக் கூடாது. பந்தைப் பிடித்து வைத்திருக்கவும் கூடாது. பிளாக் எனப்படும் வலைத்தடுப்பு மட்டும் இந்த எண்ணிக்கையில் சேராது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது பாலபாடம். மற்றப் பாட ஆசிரியர்களாகிய நாமும் இந்த விதியைச் சற்று நின்று கவனிக்கலாம். குழுவாகச் செயல்படுதல் என்று பயிற்சிக் கட்டகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை மாணவன் தன் கையாலேயே தொட்டு உணர இந்த ஆட்டம் வழி செய்கிறது.

கால்பந்தில் திறமைசாலி ஒருவன் நான்கைந்து பேரைத் தாண்டிப் பந்தை ஓட்டிச் சென்று கோல் போடலாம். கபடியில் பாடிப் போகிறவன் தனியாளாக மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். கையுந்துபந்தில் அது நடக்காது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் தன் கைக்குப் பந்து வருவதற்கு இன்னொருவனை நம்பித்தான் நிற்க வேண்டும்.

ஆட்டம் பிறந்தபோது இந்த விதி இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன் என்ற உடற்கல்வி இயக்குநர் 1895-இல் இதை உருவாக்கினார். நடுவயதுக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஆடுவதற்கான எளிய விளையாட்டாகவே அவர் இதை நினைத்தார். அப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம். 1916-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒருவர் உயரத் தூக்கிக் கொடுக்க, மற்றவர் எகிறி அடிக்கும் முறை வளர்ந்தது. 1920-இல் மூன்று தொடுதல் என்ற வரம்பு வந்தது. இந்த வரலாற்றில் நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அடிப்பவனும் தூக்கிக் கொடுப்பவனும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒருவன் இல்லாமல் மற்றவனுக்கு அந்தப் பெயரே கிடையாது.

இந்த விதியை வைத்துக் கடந்த கல்வியாண்டில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் செய்து பார்த்ததை இங்கே பகிர்கிறேன். நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். மாணவப் பருவத்தில் ஆடிய பழக்கம் இருந்ததால், பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியின் மாலைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியருக்கு உதவியாக நின்றேன். மாணவர்களின் பெயர்களைத் தவிர்த்து, பனியன் எண்களாலேயே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

ஏழும் இரண்டும்

ஏழாம் எண் ஒன்பதாம் வகுப்பு மாணவன். வயதுக்கு மீறிய உயரம். நின்ற இடத்திலிருந்து எகிறினால் முழங்கை வலைக்கு மேலே தெரியும். அவன் அடித்த பந்து எதிர்ப்பக்கச் செம்மண்ணில் பட்டுப் புழுதி கிளம்புவதைப் பார்க்க மாலையில் சுற்றுச்சுவர்மேல் ஊர்ப் பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள். முறையான பயிற்சியாளர் எவரிடமும் அவன் கற்றதில்லை. ஊர்த் திடலில் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பந்து பொறுக்கிப் போட்டு, பிறகு ஆள் குறைந்த நாளில் உள்ளே இறங்கிக் கற்றுக்கொண்டது.

அவனை வைத்து ஆடுவது எளிதாக இல்லை. பந்து தனக்கு வரவில்லையென்றால் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். வந்த பந்து ஒரு சாண் தள்ளி வந்தால் அதை அடிக்காமல் விட்டுவிட்டு, கொடுத்தவனைத் திரும்பிப் பார்த்து ஏசுவான். பின்வரிசைக்குச் சுற்றி வரும்போது சர்வீஸ் பந்தை எடுக்கக் குனிய மாட்டான். இரண்டு முறை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாம் எண் எட்டாம் வகுப்பு மாணவன். அணியின் செட்டர். குட்டையான உருவம், விரல்கள் மட்டும் நீளம். முந்தைய ஆண்டு ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே பல நாள்கள் விடுப்பாகவே இருந்தன. அம்மா வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவன் அந்த ஜூன் மாதம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் பள்ளிக்கு வந்தான். தம்பியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். காரணம் வாலிபால்தான் என்பது வகுப்பாசிரியர் உட்பட எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை இரண்டாம் வாரம் ஒரு மாலையில் இரண்டு தூக்கிக் கொடுத்த பந்து மூன்று முறை தொடர்ந்து வலைக்கு மிக அருகில் போனது. ஏழு சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இரண்டு பதில் பேசவில்லை. பனியனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அவன் பயிற்சிக்கு மட்டுமின்றிப் பள்ளிக்கும் வரவில்லை. நான்கு நாள்கள் அப்படியே போயின.

இந்த இடத்தில்தான் சிக்கலின் அளவு தெரிகிறது. குறுவட்டப் போட்டியில் தோற்பதோ வெல்வதோ சிறிய செய்தி. ஒரு சிறுவனின் படிப்பு இன்னொரு சிறுவனின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம், ஏழின் திறமைக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் தேர்வு நடத்துபவர்கள் எகிறும் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. மற்றவர்களோடு நிற்கத் தெரியாதவனை எந்த அணியும் நெடுநாள் வைத்திருக்காது.

கேட்டு வளர்ந்த மொழி

"அணியில் நான் என்பது இல்லை, நாம் என்பதே உண்டு" என்ற வகையிலான அறிவுரைகளை ஏழு ஏற்கெனவே நிறையக் கேட்டிருந்தான். தலைகுனிந்து நின்று கேட்பான். மறுநாள் மறுபடி நடக்கும். தண்டனையாக அணியிலிருந்து நீக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அவனிடம் உள்ள ஒரே பெருமையைப் பிடுங்கிவிட்டு அவனிடம் எதை வளர்ப்பது என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். அந்தக் கேள்வி சரியானது.

ஊர்த் திடலில் அவன் பெரியவர்களோடு ஆடுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அங்கே அவனுக்கு ஒரே வேலை: அடிப்பது. நன்றாக அடித்தால் தோளில் தட்டுவார்கள். அடித்த பந்து வெளியே போனால் அவன் பள்ளியில் இரண்டைத் திட்டிய அதே வார்த்தைகள், ஓர் எழுத்தும் மாறாமல், அவன்மேல் விழுந்தன. அவன் அதற்குக் கோபப்படவில்லை. அதுதான் ஆட்டத்தின் மொழி என்று எடுத்துக்கொண்டிருந்தான். தன்னைவிடச் சிறியவர்களிடம் அதே மொழியைப் பேசினான். வேறு மொழி அவனுக்குத் தெரியாது.

எனவே செய்ய வேண்டியவை இரண்டு என்று முடிவு செய்தோம். ஒன்று, அவனுடைய ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இருக்கும் மற்ற இரண்டு கைகளை அவன் கண்ணுக்குத் தெரிய வைப்பது. இரண்டு, குறை சொல்வதற்கு வேறொரு மொழியைக் கொடுப்பது.

செட்டர் வராத ஐந்தாம் நாள் ஏழு என்னிடம் வந்து, "அவன் போனா போறான் சார். ரெண்டு வேலையையும் நானே பாத்துக்கிறேன்" என்றான்.

"நீயே தூக்கி நீயே அடிப்பியா?"

"ஆமா சார்."

"விசில் ஊதிடுவாங்களேப்பா. நீ தூக்கின பந்தை நீ அடிக்க முடியாதே."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இந்த விதி அவனுக்குத் தெரியாததல்ல. பந்து பொறுக்கிய நாளிலிருந்து தெரிந்ததுதான். தன்னைப் பற்றிய விதியாக அதை அன்றுதான் கேட்டான் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை இறைவணக்கத்துக்கு முன் இருவரும் ஒரே சைக்கிளில் வந்து இறங்கினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட வேண்டிய பேச்சுகளும் பிள்ளைகளிடையே உண்டு.

திரும்பி வந்துவிட்டான் என்பதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுபடி போகாமலிருக்க வழி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட படிகள் இவை.

முதற்படி: தொடுதல் ஏடு

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டோம். மூன்று கட்டங்கள்: எ, தூ, அ. அதாவது எடுத்தல், தூக்கிக் கொடுத்தல், அடித்தல். பயிற்சி ஆட்டத்தில் எங்கள் பக்கம் பந்து வரும் ஒவ்வொரு முறையும், முதலில் எடுத்தவர் யார், தூக்கியவர் யார், அடித்தவர் யார் என்று பனியன் எண்ணைக் குறிக்க வேண்டும். நன்றாக அமைந்த தொடுதலுக்கு எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர் ஏட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதுவார். இரண்டே நாளில் என்னைவிட வேகமாக எழுதினார்கள்.

வழக்கமான புள்ளிப் பட்டியலில் புள்ளி மட்டும்தான் இருக்கும். ஊரார் பேச்சில் கடைசியாக அடித்தவன் மட்டும்தான் இருப்பான். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய ஆடவர் அணியில் கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ் ஆடினார். அவருடைய எகிறலைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அவருக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவர் யார் என்று மாணவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "அதுக்குத்தான் இந்த ஏடு" என்றேன்.

முதல் வார முடிவில் ஏழு தான் எடுத்த புள்ளிகளை எண்ணிப் பார்த்தான். அவனுடைய வட்டங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முந்தைய கட்டத்தில் இரண்டாம் எண்ணைச் சுற்றியும் வட்டம் இருந்தது. அதற்கும் முந்தைய கட்டத்தில் பெரும்பாலும் ஐந்தாம் எண். ஐந்து பேசவே பேசாத பத்தாம் வகுப்பு மாணவன். அவன் அணியில் இருப்பதையே பலர் கவனித்ததில்லை. அந்த வாரம் முதன்முதலாக ஏழு அவனைப் பெயர் சொல்லி அழைத்தான்.

ஏட்டைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நன்றாக அமைந்தவற்றுக்கு மட்டுமே வட்டம் போட்டோம். தவறுகளுக்குத் தனிக் குறி வைக்கவில்லை. யார் எத்தனை முறை விட்டார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினால், பழைய திட்டு புதிய எழுத்தில் தொடரும்.

இரண்டாம் படி: வகுப்பறையில் பெருக்கல்

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவு ஒரு பாடம். பகடையும் நாணயமும் பாடநூலில் உள்ளன. அவற்றோடு எங்கள் ஏட்டையும் சேர்த்துக்கொண்டேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கிக் கரும்பலகையில் எழுதினேன்.

ஓர் அணிக்கு 100 சர்வீஸ் பந்துகள் வருகின்றன. அவற்றில் 50 நன்றாக எடுக்கப்படுகின்றன. நன்றாக எடுக்கப்பட்டவற்றில் 100-க்கு 60 வீதம் நன்றாகத் தூக்கித் தரப்படுகின்றன. நன்றாகத் தூக்கியவற்றில் 100-க்கு 90 வீதம் அடித்துப் புள்ளியாகின்றன. மொத்தம் எத்தனை புள்ளி?

0.5 × 0.6 × 0.9 = 0.27. அதாவது 27 புள்ளிகள்.

அடுத்த கேள்வி: அடிப்பவன் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்து, ஒரு பந்துகூடத் தவறாமல் 100-க்கு 100 அடித்தால்?

0.5 × 0.6 × 1 = 0.30. கூடுதலாக 3 புள்ளிகள். உலகில் எவராலும் அடைய முடியாத முழுமையை அடைந்தும் கிடைப்பது மூன்றே புள்ளி.

அடிப்பவன் பழையபடியே இருக்கட்டும். பந்தை எடுப்பவர்கள் 50-இலிருந்து 70-க்கு உயர்ந்தால்?

0.7 × 0.6 × 0.9 = 0.378. ஏறக்குறைய 38 புள்ளிகள். கூடுதலாக 11.

செட்டரும் 60-இலிருந்து 70-க்கு உயர்ந்தால்?

0.7 × 0.7 × 0.9 = 0.441. ஏறக்குறைய 44 புள்ளிகள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. "சார், கூட்டக் கூடாதா? ஏன் பெருக்குறோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஒன்றை அடுத்து ஒன்றாக நடக்க வேண்டியவை பெருகும். முதல் தொடுதல் பூச்சியமானால், அடுத்த இரண்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூச்சியம்தான். பெருக்கலின் இந்தக் குணத்தை ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லித் தருகிறோம். திடலில் பார்த்த பிள்ளைகளுக்கு அது அன்று வேறு மாதிரி புரிந்தது.

ஏழு கணிதத்தில் பின்தங்கியவன். அன்று மாலை நோட்டில் தானே வேறு எண்களைப் போட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தான். "செட்டர் பயந்துபோயி முப்பதுக்கு எறங்கிட்டா என்னாகும் சார்?" என்று கேட்டான். "போட்டுப் பாரு" என்றேன். 0.5 × 0.3 × 0.9. விடை 0.135. பாதியாகிவிட்டது. தன்னுடைய திட்டு தன் புள்ளியைத்தான் பாதியாக்குகிறது என்பதை அவனே கணக்கிட்டுக் கண்டுபிடித்தான். நான் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

மூன்றாம் படி: இடம் மாற்றி ஆடுதல்

கையுந்துபந்தில் எதிரணி போட்ட சர்வீஸை வென்று வாய்ப்பைப் பெறும்போதெல்லாம் அணியினர் கடிகார முள் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். ஆறு இடங்களில் மூன்று முன்வரிசை, மூன்று பின்வரிசை. பின்வரிசையில் நிற்பவர் வலையிலிருந்து மூன்று மீட்டர்க் கோட்டுக்குள் வந்து, வலையின் மேல் விளிம்புக்கு உயரே உள்ள பந்தை அடித்து அனுப்பக் கூடாது. எனவே அடிப்பவனுக்கும் பாதி ஆட்டம் எடுப்பதும் காப்பதும்தான்.

இதை ஒட்டி ஒரு வாரம் வேலைகளை மாற்றினோம். ஏழு செட்டர், இரண்டு அடிப்பவன். விரல் நுனியில் பந்தை வாங்கி, உள்ளங்கை படாமல், கையில் தங்காமல், தூக்கும் ஆளைப் பார்க்காமலே சரியான உயரத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழுக்கு முதல் நாள் பத்தில் இரண்டுகூடச் சரியாக வரவில்லை. மூன்று முறை 'டபுள்' என்று விசில் ஊதப்பட்டது. "அண்ணே, கைய நெத்திக்கு மேல வச்சுக்குங்க. முட்டிய மடக்குங்க" என்று எட்டாம் வகுப்பு மாணவன் சொல்லித் தந்தான். அவன் குரலில் கேலி இல்லை. ஏழு முட்டியை மடக்கினான்.

அந்த வாரத்தில் அமெரிக்க வீரர் கார்ச் கிராலியைப் பற்றியும் பேசினோம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் எதிரணியின் சர்வீஸை எடுக்கும் பொறுப்பை இருவர் மட்டுமே சுமந்தார்கள். அவர்களில் ஒருவர் கிராலி. அணியின் சிறந்த அடிப்பவர்களில் ஒருவரே குனிந்து பந்து எடுக்கும் வேலையையும் தன்மேல் போட்டுக்கொண்டார். 1988-இல் மீண்டும் தங்கம். 1996-இல் கடற்கரைக் கையுந்துபந்திலும் தங்கம். 1998 முதல் சர்வதேச ஆட்டத்தில் லிபரோ என்ற தனி இடமே வந்துவிட்டது. வேறு நிறப் பனியன் அணியும் இவர் வலைக்கு மேலே அடிக்கக் கூடாது. எடுப்பதும் காப்பதுமே வேலை. எடுக்கும் கைக்கு ஆட்ட விதியே தனி மரியாதை தந்திருக்கிறது.

நான்காம் படி: மூன்றே சொற்கள்

திட்டாதே என்று சொன்னால் போதாது. பந்து சரியாக வரவில்லையென்றால் அதைச் சொல்லத்தானே வேண்டும்? எனவே அணிக்குள் ஓர் ஒப்பந்தம் செய்தோம். தவறிய பந்துக்குப் பிறகு மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் சொல்லலாம்: உயரம், தூரம், வேகம். பந்து தாழ்வாக வந்தால் 'உயரம்'. வலைக்கு மிக அருகில் வந்தால் 'தூரம்'. தாமதமாக வந்தால் 'வேகம்'. இவற்றைத் தவிர ஆளைப் பற்றிய சொல் எதுவும் கூடாது. சொன்னால் அந்தப் புள்ளி எதிரணிக்கு.

முதல் இரண்டு நாள்களில் ஏழின் வாயால் நிறையப் புள்ளிகள் போயின. ஆனால் மாற்றம் இரண்டு பக்கமும் தெரிந்தது. திட்டு வாங்கியபோது எதைத் திருத்துவது என்று செட்டருக்குத் தெரியாது. 'தூரம்' என்று கேட்டபோது தெரிந்தது. அடுத்த பந்தைச் சரியாக அனுப்பினான். குறை சொல்லும் மொழி ஆளிடமிருந்து பந்துக்கு நகர்ந்தால், குறை பாடமாகிவிடுகிறது. நம் விடைத்தாள் திருத்தத்துக்கும் இது பொருந்தும்.

குறுவட்டப் போட்டி

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. இறுதி ஆட்டம் வரை போனோம். ஆளுக்கு ஒரு செட் வென்றிருந்தார்கள். பதினைந்து புள்ளிகளுக்கான மூன்றாம் செட்டில் நாங்கள் 12, எதிரணி 13. எதிரணியினர் ஏழை நன்றாகப் படித்துவிட்டிருந்தார்கள். அவன் எகிறும் இடத்தில் இரண்டு பேர் கை தூக்கித் தயாராக நின்றார்கள். இரண்டு அதைப் பார்த்துவிட்டான். ஏழு ஓடி வந்து எகிறினான். பந்து அவனுக்கு வரவில்லை. செட்டர் முதுகுப்புறமாகப் பந்தைப் பின்னுக்குத் தள்ள, யாரும் எதிர்பாராத ஐந்து அதை மெல்லத் தட்டிவிட்டான். 13–13. ஜூன் மாதத்து ஏழாக இருந்தால் தனக்கு வராத அந்தப் பந்துக்காக இடுப்பில் கை வைத்திருப்பான். அன்று ஐந்தை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான்.

அடுத்த இரண்டு புள்ளிகளும் எதிரணிக்குப் போயின. கடைசிப் பந்தை ஏழுதான் வெளியே அடித்தான். இரண்டு ஓடி வந்து, "உயரமாண்ணே?" என்று கேட்டான். "இல்லடா, உயரம் சரிதான். நான்தான் லேட்டு" என்றான் ஏழு. மாவட்டப் போட்டிக்கு நாங்கள் தகுதி பெறவில்லை.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும்போது

திறமை மிகுந்த, ஆனால் மற்றவர்களோடு ஒட்டாத பிள்ளை விளையாட்டில் மட்டுமா இருக்கிறது? கணக்கை முதலில் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனை ஏளனமாகப் பார்க்கும் மாணவி, அறிவியல் செய்முறையில் மற்றவரைக் கருவியைத் தொடவிடாத மாணவன் ஆகியோரை நாம் அறிவோம். இவர்களைக் குழுவில் உட்கார வைப்பதால் மட்டும் குழு உண்டாவதில்லை. ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால், ஒருவர்தான் செய்வார்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971-இல் எல்லியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளர் ஜிக்சா முறையை வகுத்ததும் இதே காரணத்தால்தான். வெவ்வேறு இன மாணவர்கள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து மோதிக்கொண்டிருந்த காலம் அது. பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவரைக் கேட்காமல் முழுப் பாடத்தையும் அறிய வழியில்லை. பி.எட். வகுப்பில் நாம் படித்த இந்த முறைக்கும் மூன்று தொடுதல் விதிக்கும் அடிப்படை ஒன்றே.

பிற பள்ளிகளில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. குழுச் செயல்பாட்டில் ஒருவர் செய்ததை அவரே அடுத்த படிக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்ற விதியை வையுங்கள். அளந்தவர் வேறு, கணக்கிட்டவர் வேறு, வரைந்தவர் வேறு.

2. முடிவை மட்டும் பாராட்டாமல், அதற்கு முந்தைய இரண்டு கைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

3. வாரம் ஒரு முறை பொறுப்புகளை மாற்றுங்கள். சிறந்த மாணவர் தனக்கு வராத வேலையை மற்றவரிடம் கற்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும்.

4. குறையைச் சுட்டுவதற்கு மூன்று நான்கு சொற்களை மாணவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவை வேலையைப் பற்றியவையாக இருக்கட்டும்.

5. திறமையாளரின் திறமையைத் தண்டனையாகப் பறிக்க வேண்டாம். தலைவர் பதவியை லஞ்சமாகத் தரவும் வேண்டாம். மற்றவர்களால் தனக்குக் கிடைப்பதை அவர் எண்ணிப் பார்க்கும்படி செய்தால் போதும்.

ஏழு இப்போது பத்தாம் வகுப்பு. கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஊர்த் திடலில் ஆடிவிட்டு வரும் திங்கட்கிழமைகளில் பழைய வார்த்தைகள் எட்டிப் பார்க்கும். பிறகு அவனே நிறுத்திக்கொள்வான். இரண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவனுடைய வருகைப் பதிவேட்டில் இந்த ஆண்டு விடுப்புகள் மிகக் குறைவு. எங்கள் முயற்சியின் பயன் என்று கேட்டால், அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.

தொடுதல் ஏடு இரண்டாம் நோட்டுக்குப் போய்விட்டது. ஏழாம் வகுப்பு மாணவியர் எழுதுகிறார்கள். அதில் இப்போது நான்காவதாக ஒரு கட்டம் இருக்கிறது: 'கா'. ஒருவன் அடிக்கும்போது, பந்து எதிரணியின் கையில் பட்டுத் திரும்பி விழுந்தால் எடுப்பதற்காக அவனுக்குக் கீழே குனிந்து காத்து நிற்பவர்களின் எண்ணை அதில் குறிக்கிறார்கள். பல சமயம் பந்து அங்கே வருவதே இல்லை. வராத பந்துக்கும் நிற்பவர்களை எழுத வேண்டும் என்று கேட்டுக் கட்டம் போட வைத்தவன் ஏழு.